மணியோசையில் எது யானை மணி? டேப்லெட் வெளியீட்டுக்கு முன் கசிவுகளை எடைபோடும் முறை

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். புது டேப்லெட் வரப்போகிறது என்றால் மணியோசை ஆறு மாதம் முன்னாலேயே கேட்கத் தொடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், அதில் பாதி வேறு யாரோ அடிக்கிற மணி. யானையின் கழுத்து மணியை மட்டும் பிரித்துக் கேட்பது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

பயிற்சிக்கு 2010 ஜனவரி 27-ஐ எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவின் எர்பா புவேனா மையத்தில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடைக் காட்டிய நாள். அதற்கு முன் ரசிகர்கள் மாதக்கணக்கில் போட்ட ஊகங்களும், அன்று மேடையில் வந்ததும் இப்போது நம் கையில் இருக்கின்றன. விடைத்தாளோடு கிடைக்கும் வினாத்தாள் இது. பழகிக்கொள்ள இதைவிட நல்லது கிடைக்காது.

எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஒரு கசிவை, அதாவது வெளியீட்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்ட விவரத்தை, படித்ததும் ‘நம்பலாமா?’ என்று யோசிப்பதில் பயனில்லை. ‘இந்த விவரம் எத்தனை பேருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்?’ என்று கேளுங்கள். திரையை எடுத்துக்கொள்வோம். பேனல் செய்யும் ஆலை, மேல் கண்ணாடி வெட்டும் ஆலை, தொடுபடலம் ஒட்டும் இடம், கடைசியில் அசெம்பிளி லைன். திரையின் அளவு தெரியாமல் இவர்களில் ஒருவராலும் வேலை பார்க்க முடியாது. அதனால் அது கசியும். கசிந்தால் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். விலை அப்படியில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் உட்கார்ந்து முடிவெடுப்பது. ஒரு ஸ்லைடைத் திருத்தினால் கடைசி நேரத்தில்கூட மாறிவிடும். அலுமினிய உடலையோ பேனலையோ ஒரே இரவில் மாற்ற முடியாது.

2010-இன் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். திரை பத்து அங்குலம் சுமார் என்றார்கள், வந்தது 9.7. ஐபோனின் இயங்குதளம்தான் என்றார்கள், சரி. ஜனவரி கடைசியில் வெளியீடு என்றார்கள், சரி. விலை ஆயிரம் டாலர் என்றார்கள், 499-இல் தொடங்கியது. பெயர் ஐஸ்லேட் என்று சத்தியம் செய்தார்கள், தவறு. கேமரா இருக்கும் என்றார்கள். முதல் ஐபேடில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஓஎல்இடி திரை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை, என்றும் ஒரு பேச்சு. அது ஐபேடுக்கு வர 2024 மே ஆயிற்று. பெரும்பாலும், பலர் கை பட்ட விவரங்கள் தேறின. சிலர் கைக்குள் இருந்தவை தோற்றன.

கேமரா விஷயத்தில் ஒரு சின்ன திருத்தம் உண்டு. விற்பனைக்கு முன்பே பழுதுபார்க்கும் கடைக்கு வந்த உதிரிச் சட்டத்தில் கேமரா உட்காரும் அளவுக்கு ஒரு குழி இருந்தது. ஊகம் அடியோடு பொய்யில்லை, ஒரு வருடம் முந்திவிட்டது. 2011 மார்ச் 2-இல் அறிவித்த ஐபேட் 2-இல் முன்னும் பின்னும் கேமரா வந்தது. உதிரிபாகத்தில் இடம் இருப்பது வேறு, அந்த இடத்தை நிரப்பி விற்பது வேறு. உதிரிபாகப் படத்தை வைத்து எழுதும்போது ‘வரும்’ என்று எழுதாதீர்கள், ‘இடம் இருக்கிறது’ என்று மட்டும் எழுதுங்கள்.

ஸ்கேலை எடுங்கள்

எண் சொல்லும் கசிவு கிடைத்தால் அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. புளுகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

திரையின் மூலைவிட்ட அளவு தெரிந்தால் நீள அகலம் வந்துவிடும். நீளமும் அகலமும் 4:3 விகிதத்தில் இருக்கும் திரை என்றால் மூலைவிட்டத்தை 0.8, 0.6 இரண்டாலும் பெருக்குங்கள். 16:10 என்றால் 0.848, 0.530. 16:9 என்றால் 0.872, 0.490. முதல் ஐபேடின் 9.7 அங்குலம் 4:3 விகிதத்தில் 7.76 × 5.82 அங்குலம், அதாவது ஏறக்குறைய 197 × 148 மி.மீ. நீளவாட்டில் 1024 பிக்சல், 7.76-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 132. ஆப்பிள் வெளியிட்ட எண்ணும் அதுவே. ஒரு கசிவில் திரை அளவு, பிக்சல், பிக்சல் அடர்த்தி மூன்றும் இருந்து அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், மூன்றையும் ஒரே ஆள் கற்பனையில் எழுதியிருக்கிறார் என்று பொருள்.

உடலின் அளவும் கூடவே கசிந்தால் ஓரத்தின் அகலம் கிடைக்கும். ஐபேடின் உடல் 243 × 190 மி.மீ. திரையைக் கழித்து இரண்டால் வகுத்தால் நீளவாட்டில் 23, அகலவாட்டில் 21 மி.மீ. கட்டைவிரல் வைத்துப் பிடிக்கத் தோதான இடம். அந்தக் காலத்து ரசிகர் வரைபடங்களில் ஓரமே இல்லாத திரைகள் மின்னின. தொட்டால் வேலை செய்யும் திரையை விரல் படாமல் எங்கே பிடிப்பது என்று வரைந்தவர்கள் யோசிக்கவில்லை.

இன்னொரு பொறி: மூலைவிட்டம் பெரிது என்றால் திரை பெரிது என்று நினைப்பது. 10.1 அங்குல 16:9 திரையின் பரப்பு சுமார் 43.6 சதுர அங்குலம். 9.7 அங்குல 4:3 திரையின் பரப்பு 45.2. ‘பத்து அங்குலம்’ என்று மட்டும் சொல்லி விகிதத்தைச் சொல்லாத கசிவுக்குப் பாதி மதிப்பெண்தான்.

பேட்டரிக்கும் இதே வைத்தியம். முதல் ஐபேடில் சுமார் 25 வாட்-மணி. 10 மணி நேரம் என்றார்கள். அப்படியானால் மொத்தக் கருவியும் சராசரியாக 2.5 வாட்டில் ஓட வேண்டும். யாராவது அதே அளவு பேட்டரியோடு 20 மணி நேரம் என்றால், 1.25 வாட்டில் அந்த அளவுத் திரைக்குப் பின்விளக்கு எரிப்பது எப்படி என்று கேளுங்கள். 2024-இன் 13 அங்குல ஐபேட் ப்ரோவில் 38.99 வாட்-மணி பேட்டரி இருந்தும் ஆப்பிள் சொன்னது அதே 10 மணி நேரம்தான். ஆகவே ‘அடுத்த ஐபேடுக்கு 10 மணி நேர பேட்டரி’ என்பது செய்தியே இல்லை. அதை முன்கூட்டிச் சொன்னவருக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

படம் வந்தால்

படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கி அட்டை 85.6 × 54 மி.மீ., உலகம் முழுக்க ஒரே அளவு. ஹெட்போன் முள் 3.5 மி.மீ. யுஎஸ்பி-சி துளையின் அகலம் 8.3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. படத்தைத் திரையில் பெரிதாக்கி, அட்டையின் நீளத்தையும் கருவியின் நீளத்தையும் பிக்சலில் அளந்து வகுக்க வேண்டும். கருவி அட்டையைப் போல 2.84 மடங்கு என்றால் 85.6 × 2.84 = 243 மி.மீ. இரண்டும் ஒரே தளத்தில், மேசைமேல் படுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். சாய்வாக எடுத்த படத்திலோ, அட்டை கருவியின் மேலே கிடக்கும் படத்திலோ பிழை எளிதாக ஐந்து சதவீதத்தைத் தாண்டும். அளந்தபின் முன்பு போட்ட திரைக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

அழகாக இருக்கிற படத்தைச் சந்தேகியுங்கள். 2010-இல் வெளியீட்டுக்கு முந்தின இரவு ஒரு படம் சுற்றியது. மேசையோடு போல்ட் போட்டு முடுக்கிய ஒரு சட்டம். அதற்குள் தடித்த கறுப்பு ஓரத்தோடு ஒரு கருவி. ‘ஆப்பிள் இவ்வளவு அசிங்கமாகச் செய்யாது’ என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் மேடையில் வந்த முகம் அதுதான். முன்மாதிரியை வெளியாட்களுக்குக் கொடுக்கும்போது சங்கிலி போடுவதும் சட்டத்துக்குள் பூட்டுவதும் வழக்கம். வடிவத்தை மறைக்கவே அந்தச் சட்டம். போலி செய்கிறவருக்குக் கருவியை அழகாகக் காட்டத் தோன்றுமே ஒழிய, அழகை மறைக்கிற சட்டத்தை வரையத் தோன்றாது.

உறை செய்கிறவர்களிடமிருந்து வரும் படங்கள் தனி ரகம். வெளியீட்டன்றே கடையில் சரக்கு இருக்க வேண்டும் என்று முன்பணம் போட்டு அச்சு வார்க்கிறார்கள். பொத்தானும் கேமரா துளையும் எங்கே என்பதை அவை காட்டும். உள்ளே எந்தச் சிப், எவ்வளவு நினைவகம் என்பது பற்றி உறைக்கு ஒன்றும் தெரியாது. உறைப் படத்தைக் காட்டி சிப் பெயர் சொல்லும் காணொளியை அங்கேயே மூடிவிடலாம்.

தவறி விழுந்த தடயம்

எல்லாவற்றிலும் உயர்ந்த ரகம், யாரும் சொல்ல நினைக்காமல் தானாக விழுந்தது. 2010 ஜனவரியில் ஃப்ளர்ரி என்ற நிறுவனம் அப்படி ஒன்றைக் கண்டது. செயலிகளுக்குள் புள்ளிவிவரம் சேர்க்கும் நிரல் துண்டைக் கொடுப்பது அதன் தொழில். அந்தத் துண்டு இருக்கும் செயலியை எந்தக் கருவியில் திறந்தாலும், கருவியின் வகையும் இயங்குதளப் பதிப்பும் அதற்குப் போய்ச் சேரும். குப்பர்ட்டினோவில் ஆப்பிள் வளாகத்துக்குள்ளிருந்து, இன்னும் வெளிவராத 3.2 பதிப்பில் ஓடும் ஐம்பது கருவிகள் போல அதன் கணக்கில் தெரிந்தன. வெளியே வந்தபோது ஐபேடில் இருந்தது 3.2 பதிப்பேதான். அந்த ஜூனில் ஜாப்ஸ் இதைப் பொதுமேடையில் சொல்லிக் கோபப்பட்டார். கசிவு உண்மைதான் என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இன்று இதே வேலையைச் செய்பவை சோதனைப் பதிப்பு மென்பொருளின் கோப்புகள். அவற்றில் புது மாதிரி அடையாளம் தென்பட்டால் கருவி இருப்பது உறுதி. எப்போது வரும் என்பது அதில் இருக்காது.

அரசு ஏடுகள் அடுத்த தரம். ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்து படிக்க வேண்டும். அமெரிக்காவில் வானொலி அலை பயன்படுத்தும் கருவி எதுவும் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யின் அனுமதி இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது. ஆனால் அறிவிக்கலாம். முதல் ஐபேட் ஜனவரியில் மேடையேறியபோது அந்த அனுமதி இல்லை. கடைக்கு வந்தது ஏப்ரல் 3-இல். முதல் ஐபோனை 2007 ஜனவரியிலேயே காட்டியதற்கும் ஜாப்ஸ் இதே காரணத்தைச் சொன்னார்: அனுமதிக்குப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், அதற்குள் நாமே சொல்லிவிடலாம். ஆகவே ‘எஃப்சிசி-யில் இல்லை, அதனால் வராது’ என்பது தவறான வாதம். அனுமதி வந்துவிட்டாலும் உள்படங்களையும் கையேட்டையும் 180 நாள் வரை மறைத்து வைக்கக் கேட்கலாம்.

ரஷ்யா உள்ளிட்ட நாடுகளுக்கான யூரேசியப் பொருளாதார ஆணையத்தின் மறையாக்கப் பதிவுப் பட்டியலில் (தகவலைக் குறியீடாக்கி மறைக்கும் கருவிகளின் பட்டியல்) மாதிரி எண் மட்டும் வரும். இந்தியாவில் டேப்லெட்டுகளுக்கு தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் கட்டாயப் பதிவு உண்டு; அங்கேயும் எண்தான். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கறக்கலாம். சாம்சங் டேப் எஸ்9-இன் வைஃபை மாதிரி எஸ்எம்-எக்ஸ்710, 5ஜி மாதிரி எக்ஸ்716. ப்ளஸுக்கு 810, அல்ட்ராவுக்கு 910. முந்தைய எஸ்8 வரிசை 700, 800, 900. நடு இலக்கம் தலைமுறை, கடைசி 0 வைஃபை, 6 என்றால் சிம். ஒரு குடும்பத்தில் ஓர் எண் மட்டும் காணாமல் போனால் அந்த மாதிரி கைவிடப்பட்டது என்று துள்ள வேண்டாம். பதிவுகள் ஒரே நாளில் வருவதில்லை.

வேகச்சோதனை முடிவுகளை, அதாவது கீக்பெஞ்ச் போன்றவற்றை, தனியாக நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், மாதிரிப் பெயரை மாற்றி எழுதலாம். வெவ்வேறு நாளில் மூன்று நான்கு முடிவுகள், மதிப்பெண்ணில் சிறு ஏற்ற இறக்கத்தோடு இருந்தால் கவனிக்கலாம். ஒரே ஒரு முடிவு, அதுவும் சாதனை மதிப்பெண்ணோடு வந்தால் விட்டுவிடுங்கள்.

பெயரும் விலையும்

பெயரில் ரசிகர்கள் ஏன் தோற்றார்கள் என்பது சுவையானது. ஐஸ்லேட் என்ற இணைய முகவரி ஒரு காலத்தில் ஆப்பிள் பெயரில் இருந்த தடயம் 2009 டிசம்பரில் கிடைத்தது. அதோடு தேடலை நிறுத்திவிட்டார்கள். ஆப்பிளுக்காக இயங்கிய ஐபி அப்ளிகேஷன் டெவலப்மென்ட் என்ற முகம் தெரியாத நிறுவனம் ‘ஐபேட்’ என்ற பெயருக்கு வணிகக்குறி கேட்டிருந்ததும் வெளியீட்டுக்கு முன்பே கண்ணில் பட்டது. ஆனால் பெயர் நன்றாக இல்லை என்று பலர் தள்ளிவிட்டார்கள். முகவரி வாங்குவது மலிவு. பிடிக்காத பெயரைக்கூட வாங்கிப் பூட்டி வைப்பார்கள். வணிகக்குறிக்குப் பல நாட்டில் வழக்கறிஞர் வைத்து விண்ணப்பிப்பது செலவு பிடிக்கும் வேலை. செலவு அதிகமான தடயத்துக்கே எடை அதிகம்.

தேடும்போது டிரினிடாட், ஜமைக்கா போன்ற நாடுகளைக் கோரிக்கைத் தொடக்கமாகக் காட்டும் விண்ணப்பங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அங்கே முதலில் சத்தமில்லாமல் போட்டுவிட்டு, பாரிஸ் ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்குள் மற்ற நாடுகளில் அதே முன்தேதியோடு கேட்பது நிறுவனங்களின் பழைய தந்திரம்.

விலைக் கசிவை விட்டுவிட்டு, விலைப் படிக்கட்டை வரையுங்கள். 2010 ஜனவரியில் ஆப்பிள் கடையில் 64 ஜிபி ஐபாட் டச் 399 டாலர். வெள்ளை மேக்புக் மடிக்கணினி 999. டேப்லெட் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டிய பொருள். 999 வைத்தால் சொந்த மேக்புக்கோடு மோதும். 399-க்கு ஒரு படி மேலே 499 தான் காலியாக இருந்தது. இந்தக் கணக்குக்கு உளவாளி வேண்டாம், கடையின் விலைப்பட்டியல் போதும். ஆனாலும் ஆயிரம் என்ற எண் ஊர் முழுக்க ஒலித்தது. மேடையில் ஜாப்ஸ் அதையே திரையில் போட்டு, கொஞ்சம் காக்கவைத்து, மேலேயிருந்து 499-ஐ விழவைத்து 999-ஐ நொறுக்கினார். உயர்ந்த விலை வதந்தியால் லாபம் அடைவது விற்பவர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்திய விலைக்கு ஒரு கைக்கணக்கு: 2024-இன் ஆப்பிள் டேப்லெட்டுகளில் டாலரை நூறால் பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிட்டது. 599 டாலர் ஐபேட் ஏர் ₹59,900. 999 டாலர் ஐபேட் ப்ரோ ₹99,900. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, நம் விலையில் ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது.

எத்தனை இடத்தில் வந்தது என்று எண்ணாதீர்கள்

பத்து இடத்தில் வந்த செய்தி பெரும்பாலும் ஒரே இடத்துச் செய்தி. ஒவ்வொன்றிலும் ‘யார் சொன்னதாக’ என்ற வரியைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். மிகப் பழைய தேதியில் நிற்பதுதான் ஊற்று. மூலம் சீனமோ கொரியமோ என்றால் இரண்டு சொற்களில் ஏமாறுவார்கள். ‘சோதனை உற்பத்தி’ மொழிபெயர்ப்பில் ‘பெருமளவு உற்பத்தி’ ஆகிவிடும். வெளியீட்டுத் தேதி நான்கு மாதம் முன்னால் நகர்ந்துவிடும். ஆலைப் பேச்சில் இவிடி (பொறியியல் சரிபார்ப்பு), டிவிடி, பிவிடி (உற்பத்திச் சரிபார்ப்பு) என்று மூன்று கட்டங்கள் வரும். இந்த டிவிடி படம் பார்க்கிற தட்டு இல்லை. வடிவமைப்பைச் சரிபார்க்கும் நடுக்கட்டம். இவிடி கட்டத்துக் கசிவில் எதுவும் மாறலாம். பிவிடிக்கு வந்துவிட்டால் உடல் மாறாது.

தேதிக் கசிவு எப்போதும் வழுக்கும். 2024 ஐபேட் ப்ரோவுக்கு முதலில் மார்ச் கடைசி என்றார்கள், பிறகு ஏப்ரல் என்றார்கள், வந்தது மே 7. கருவி பற்றிய கசிவு சரியாக இருந்தும் தேதி தவறலாம். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். அதே வெளியீட்டில் சிப் எம்3 என்றுதான் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ப்ளூம்பெர்க் நிருபர் மார்க் குர்மன் சுமார் பத்து நாள் முன்புதான் எம்4 ஆக இருக்கலாம் என்றார். அதுவே வந்தது. சிப் விவரம் கடைசி வாரங்களில்தான் தெளியும்.

அழைப்பிதழை ஜாதகம்போல் படிப்பவர்கள் உண்டு. 2010 அழைப்பிதழில் வண்ணச் சாயம் சிதறியிருந்தது. ஓவியக் கருவி என்று சிலர் தீர்ப்பு எழுதினார்கள். வீண். 2024-இல் ஒரு கை பென்சிலைப் பிடித்திருந்தது. ஐபேடில் எழுதும் கோலான ஆப்பிள் பென்சிலின் புதிய வகை, பென்சில் ப்ரோ வந்தது. பொருள் தெரிந்தால் கவனியுங்கள், நிறமும் வாசகமும் அலங்காரம்.

நோட்டுப் புத்தகம்

ஒரு வரிக்கு ஒரு கூற்று. தேதி, கூற்று, ஊற்று, எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், உங்கள் நம்பிக்கை சதவீதம். கூற்று அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘மெலிதாக இருக்கும்’ என்று எழுதினால் பிறகு சண்டைதான்; ‘6 மி.மீ.க்குக் கீழ்’ என்று எழுதுங்கள். வெளியீட்டுக்கு 24 மணி நேரம் முன்பு நோட்டை மூடிவிட வேண்டும். நண்பர்களோடு விளையாடினால் எல்லாரும் அதே நேரத்தில்.

மதிப்பெண் இப்படி: நடந்தது என்றால் 1, நடக்கவில்லை என்றால் 0. அதிலிருந்து உங்கள் நம்பிக்கையைக் கழித்து வர்க்கம் எடுங்கள். 70 சதவீதம் என்று சொன்னது நடந்தால் 0.3 × 0.3 = 0.09. நடக்கவில்லை என்றால் 0.7 × 0.7 = 0.49. எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதும் சோம்பேறிக்கு எப்போதும் 0.25. குறைந்த சராசரி வென்றது. உங்கள் சராசரி 0.25-ஐத் தாண்டினால், நாணயம் சுண்டிப் போட்டிருக்கலாம். பெயருக்கும் விலைக்கும் 90 என்று எழுதிக் கெட்டவர்கள்தான் அதிகம். அந்த இரண்டுக்கும் 60-ஐத் தாண்டாதீர்கள்.

கசிவை நம்பித் துணைப் பொருள் வாங்கி வைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறை பென்சில் வாங்கி வைத்தவருக்கு மே மாதத்து ப்ரோவில் அது வேலை செய்யாது. முன் கேமரா நீளவாட்டு ஓரத்துக்கு நகர்ந்தது. பென்சில் ஒட்டிச் சார்ஜ் ஆகும் காந்தமும் அதே ஓரத்தில்தான் இருக்கிறது. கேமரா நகரும் என்ற கசிவைச் சரியாகப் பிடித்தவர்களிலும் பலர் இந்தப் பின்விளைவை யோசிக்கவில்லை.

வெளியீடு முடிந்தபின் மேடைப் பேச்சை வைத்து நோட்டை நிரப்ப வேண்டாம். நிறுவனத்தின் விவரப் பக்கத்தை அடிக்குறிப்பு வரை இறங்கிப் படியுங்கள். எம்4 சிப் கொண்ட ஐபேட் ப்ரோவில் 256, 512 ஜிபி மாதிரிகளுக்கு 9 கோரும் (சிப்பின் கணக்கிடும் பகுதிகள்) 8 ஜிபி நினைவகமும். 1 டிபிக்கும் 2 டிபிக்கும் 10 கோரும் 16 ஜிபியும். கண்கூசாத நானோ கண்ணாடியும் அந்தப் பெரிய இரண்டுக்கு மட்டும்தான். ‘10 கோர்’ என்று எழுதியிருந்தவருக்கு முழு மதிப்பெண்ணா பாதியா என்பதை நோட்டை மூடும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.